ரிவர்ஸில் மட்டும் நிற்காத கார்

செப்டம்பர் 14, ஞாயிறு

கச்சான் காற்று. காலையிலேயே வாய்க்குள் மண். இன்று கார் பழக்கும் வகுப்பு ஒன்றுதான், மதினிக்கு. காக்கா என் கூடப்பிறந்த மூத்தவர்; அவர் மனைவி என்று அவளுக்கு ஏச்சில் சலுகை எதுவும் கொடுப்பதில்லை.

மைதானத்தில் கார் திரும்பத் திரும்ப நின்றது. முதல் கியர், கிளட்சை மெல்ல விடுகிறாள், ஒரு நடுக்கம், இரண்டு குலுக்கல், அவ்வளவுதான். மதினி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நாத்தனாரான என்னை அவள் மச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"மச்சி, என்ட கால்லதான் என்னமோ பிழை. ரெண்டு ட்ரயலும் இப்பிடித்தானே போன."

லைசன்சுக்கு ஓட்டிக் காட்டும் மூன்றாவது ட்ரயல் 23ஆம் திகதி, செவ்வாய். அவளுக்குக் கிடைத்திருப்பது விவசாயிகளுக்கான கமநல அலுவலகத்தில் அரசாங்க வேலை. இடம் உள்ளுக்கு, வயல் பக்கம். பஸ் அதற்கு மனம் வந்தால்தான் வரும். காக்கா தீர்ப்பே சொல்லிவிட்டார்: "எனக்கு ஒவ்வொரு நாளும் ஏத்தி இறக்கேலா. இந்த முறையும் பெயிலெண்டா வேலைய விட்டுட்டு வீட்ட இரிக்கட்டும்."

இருக்க மாட்டாள். நான் விடமாட்டேன்.

மறக்க முன்:
ஓடத் தொடங்கினால் ஒரு குறையும் இல்லை.
சும்மா நிற்கும்போது லேசான இருமல்.
எடுக்கும்போது சாவு.
உம்மாவுக்குப் பிரஷர் குளிசை. சீனி.

செப்டம்பர் 15, திங்கள்

பாண்டிருப்பு. மெக்கானிக் தவம் அண்ணனின் கராஜ். பிளக் மாற்றினார், பெட்ரோல் பில்டர் மாற்றினார், த்ரொட்டிலைக் கழற்றிக் கழுவினார். ஸ்கேனர் போட்டுப் பார்த்தார், அதில் ஒரு பிழையும் காட்டவில்லை. கராஜ் வாசலைத் தாண்ட முன் கார் நின்றது.

"தங்கச்சி, கார்ல ஒண்டும் இல்ல. பழகிற ஆக்கள் கிளட்ச டக்கெண்டு விடுறாங்க. பொம்புளையளுக்கு அது கொஞ்சம் கஷ்டந்தான்."

"அண்ணன், இப்ப ஓட்டினது நான்."

தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அது காலிக் கோப்பை.

இந்த ஊரில் நான் பெண்களுக்குக் கார் பழக்கத் தொடங்கிய நாளிலிருந்து கேட்கிற கதை. ஆண் ஓட்டி நின்றால் கார் பழசு. பெண் ஓட்டி நின்றால் பெண் பழுது. எனக்குக் கோபம் வந்தால் பசி வராது. இன்று இரண்டு நேரமும் சாப்பிடவில்லை.

பின்னேரம் காக்கா கேற்றில் சாய்ந்து நின்று, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்றார். சிரிப்பு வேறு. மதினி உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 17, புதன்

அல்ஹம்துலில்லாஹ். இன்றைய நாளைப் போல ஒரு நாள் வேண்டும்.

காக்கா தானே ஓட்டிக் காட்டுகிறாராம். நான் பக்கத்து சீட். கல்முனை பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால், நடு ரோட்டில், கார் நின்றது. எடுத்தார். நின்றது. முன்னால் ஸ்டாண்டிலிருந்து வெளியேற முடியாத பஸ்ஸின் ஹோன், பக்கத்தில் ஆட்டோக்காரர்களின் புத்திமதி. காக்காவின் காது சிவந்துவிட்டது.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திரிக்கி."

"ஏன் காக்கா, கால்ல பிழையில்லையா?"

காக்கா பஸ்ஸுக்கு வழிவிடப் பின்னுக்கு எடுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. முன்னுக்கு எடுத்தார். நின்றது.

அப்போதுதான் எனக்குத் தட்டியது. ரிவர்ஸில் இந்தக் கார் ஒரு நாளும் நின்றதில்லை. மதினியிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. கால்தான் பிழை என்றால் பின்னுக்குப் போகும்போது மட்டும் அந்தக் கால் எப்படித் திருந்தும்?

வீட்டுக்கு வந்து பொனட்டைத் திறந்து வைத்து மதினியை ஏறச் சொன்னேன். முன் கியரில் எஞ்சின் ஒரு பக்கம் சரிகிறது. ரிவர்ஸில் மற்றப் பக்கம். அந்தச் சரிவில் எதுவோ இழுபடுகிறது, அல்லது திறக்கிறது. எது? கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. ரப்பர் குழாய்களை எல்லாம் தடவிப் பார்த்துக் கை முழுக்கக் கறுப்பு. அதே கையால் மூக்கைச் சொறிந்திருக்கிறேன். மதினி சொல்லவே இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வெயில். மஃரிப் தொழுகைக்குப் பிறகு காற்று விழுந்துவிட்டது.

எங்களுக்கு வியாழன் இரவுதான் வெள்ளியிரவு. அன்று உம்மா சாம்பிராணிச் சட்டியோடு வீடு முழுக்கச் சுற்றுவார். இன்று கார் ஷெட்டுக்கும் வந்துவிட்டார். அங்கே பொனட் திறந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மதினி உள்ளே, நான் பக்கத்தில்.

"கண்ணூறு மகள். ஊர்ல எல்லாரும் பாக்கிறாங்க, பொம்புள கார் பழக்கிறாளெண்டு."

"உம்மா, நெருப்பு! கிட்ட வராதீங்க! பெட்ரோல் இரிக்கி!"

"நான் எட்டத்தானே நிக்கன்."

எட்டத்தான் நின்றார். ஆனால் புகை வந்தது. ஷெட்டில் காற்று இல்லை, எஞ்சின் ஃபேனும் இன்னும் சுழலத் தொடங்கவில்லை. புகை ஒரு பட்டையாக எஞ்சினுக்கு மேலே மிதந்தது.

"மதினி, பிரேக்க இறுக்கி மிதிச்சிக்கிட்டு முதல் கியர். கிளட்ச கொஞ்சமா விடுங்க. கார் நகரப் பாக்கிற இடத்தில பிடிச்சி வைங்க."

பிடித்து வைத்தாள். எஞ்சின் சரிந்தது. மேலே மிதந்த புகை சட்டென்று கீழே வளைந்து, காற்றுக் குழாயின் மடிப்புக்குள் ஓடி மறைந்தது. கிளட்சை மிதிக்கச் சொன்னேன். புகை மறுபடி மிதந்தது. விடச் சொன்னேன். ஓடி மறைந்தது. பல முறை. ஒரு முறைகூட அவள் கால் நடுங்கவில்லை. இந்த ஊரில் எந்த ஆம்பிளை அப்படி மயிரிழையில் கிளட்ச் பிடிப்பான்?

நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு லைட் எரிந்தது.

சங்கதி இதுதான். எஞ்சினுக்குப் போகும் காற்றை முன்னால் ஒரு சென்சர் அளக்கிறது. அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் வரும். அதைத் தாண்டி, நடுவழியில் திருட்டுக் காற்று நுழைந்தால் பெட்ரோல் போதாது. முன்னுக்கு எடுக்கும்போது குழாய் மடிப்பில் உள்ள வெடிப்பு வாய் திறக்கிறது. பின்னுக்குப் போனால் மூடிக்கொள்கிறது.

மதினி இறங்கி வந்து பார்த்தாள். "அப்ப என்ட கால்ல ஒண்டும் இல்லையா மச்சி?" என்றாள். பிறகு அழுதாள். எனக்கும் வந்தது, ஆனால் கை கறுப்பு.

உம்மா: "நான் செல்லல்லயா, கண்ணூறெண்டு?"

செப்டம்பர் 19, வெள்ளி

தவம் அண்ணன் குழாயைக் கழற்றிக் கையால் வளைத்தார். மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. வளைக்காமல் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"மன்னிக்கோணும் தங்கச்சி. சும்மா வாயால சொல்லிப்போட்டன்."

மன்னித்தேன். முழுதாக இல்லை. புதுக் குழாய் கொழும்பிலிருந்து வர வேண்டும், செவ்வாய்க்கு முன் வராது. மோட்டார் சைக்கிள் டியூப்பை வெட்டி, மேலே உறை மாதிரி ஏற்றி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஒரு முறையும் நிற்கவில்லை. ஆனால் மதினி பயத்தில் அக்சிலேட்டரை உறும உறும மிதிக்கிறாள். "கார் இனி உங்கள ஏமாத்தாது, காலை எடுங்க" என்று ஏசினேன். பின்னேரம்தான் எடுத்தாள்.

காக்கா: "டியூப் சுத்தின கார்லயா ட்ரயல்? வெக்கமில்லையா? அடுத்த முறைக்குப் போடுங்க."

மதினி என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள். "இந்தக் கார்லதான். இந்த முறைதான்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் காக்காவை எதிர்த்துக் கதைத்து நான் கேட்டதில்லை. காக்காவும் கேட்டிருக்க மாட்டார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காற்று மறுபடி. கிளிப்பை இரண்டு தரம் பார்த்தேன். பிஸ்மி சொல்லி அனுப்பினேன். வெளியே நின்று நகம் கடித்தேன். காக்காவும் வந்திருந்தார், தனக்கு அந்தப் பக்கம் வேறு வேலை என்றார். வேலை எதையும் காணவில்லை.

ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்களாம். எடுத்தாளாம்.

பாஸ்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன், மதினி பக்கத்தில், காக்கா பின் சீட்டில். முன் சீட்டுகளுக்கு இடையில் தலையை நீட்டினார். பிறகு, "இப்ப கார் நல்லம்தானே. ஆர் ஓட்டினாலும் பாஸ்தான்" என்றார்.

எங்கள் ஒழுங்கை முனையில் மதினி என்னையும் காக்காவையும் இறங்கச் சொன்னாள். தான் மாறி உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் மதில், கண்ணாடியை மடித்தால்தான் கார் போகும் ஒழுங்கை. ரிவர்ஸில் ஒரே எடுப்பில் ஷெட்டுக்குள் விட்டாள். இறங்கி வந்து சாவியைக் காக்காவிடம் நீட்டினாள்.

"வெளிய எடுத்து, இதே மாதிரி ஒருக்கா உள்ள விடுங்க பாப்பம்."

காக்கா சாவியைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார்.

"அஸர் தொழுகைக்கு நேரமாகிட்டு" என்று பள்ளிவாசல் பக்கம் நடந்தார். பாங்கு சொல்ல இன்னும் நிறைய நேரம் கிடந்தது.