சாய்ந்த ஆண் மரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமே.

நான் ஆராயும் மர இனத்தில் ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமே மிச்சமிருந்தன. போன வாரக் காற்றில், பூக்கும் முன்பே ஆண் மரம் சாய்ந்துவிட்டது. மகரந்தமாவது கிடைக்குமா என்று அதன் மொட்டுக் கிளைகளைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன்; எல்லாம் கருகிவிட்டன.

நேற்று பெண் மரம் பூத்தது. வழக்கம்போல் ஏணியில் ஏறிப் பூக்களை எண்ணினேன்.

"இனிமே இது காய்க்கவே காய்க்காது, எதுக்கும்மா எண்ணுறீங்க?" என்று தோட்டக் காவலர் கீழிருந்து கேட்டார்.

"சும்மா இருக்க முடியலண்ணே" என்று சிரித்து வைத்தேன். அதில் எண்ணிக்கை தவறிப்போய், முதலிலிருந்து எண்ணினேன்.

கவலைப்படாதீர்கள், வேளைக்குச் சாப்பிடுகிறேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். அம்மா கடைசியாகக் கட்டியிருந்த புடவையையும் சேர்த்து வையுங்கள், துவைக்க வேண்டாம்.

தபால் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்