குட்டியின் கடிதத்தைத் திருத்தாதே

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அவரவர் மாத்திரைகளோடு நலம். நீயும் மருமகளும் குட்டியும் மாத்திரை இல்லாமலே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் முதலில் என்னைப் பார்க்கட்டும் என்று எதிரே போய் நின்றேன். எனக்குப் பின்னால் சுவரில் இருந்த அறிவிப்பைப் பார்த்து, அதுல ஒரு ஒற்று காணோம் என்றார். காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்தியவர், வேறென்ன சொல்வார்? போன மாதம் குட்டி தன் கைப்பட எழுதிய கடிதம் வந்ததே, அதில் தாத்தா உங்க கன் சரியாயிடுச்சா என்று கேட்டிருந்தாள். என் துப்பாக்கியை விசாரிக்கிறாடி, இங்கிலீஷ்ல இது பிழையே இல்ல என்று சிரித்தார். பால்காரரிடம்கூடப் படித்துக் காட்டினார். சிவப்புப் பேனாவைத் தொடவே இல்லை.

நேற்று அவளுடைய அடுத்த கடிதம் வந்தது. ஒரு பிழை கிடையாது, நலமறிய விழைகிறேன் என்று வேறு இருந்தது. எட்டு வயதில் யாரப்பா விழைகிறார்கள்? அப்பா ஒரு தடவை படித்து மடித்து வைத்துவிட்டு, இது அவன் எழுதினது, புள்ள எங்க என்றார். நீ விடுதியிலிருந்து எழுதிய காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். முதலில் நாலு பக்கம் வரும், அறைத் தோழனின் குறட்டை, சமையல்காரர் வளர்க்க ஆரம்பித்த மீசை எல்லாம் வரும். அப்பா சிவப்பு மையில் திருத்தித் தபாலில் திருப்பி அனுப்புவார். பக்கம் குறைந்துகொண்டே போய், கடைசியில் பிழை வர வழியில்லாத இரண்டே சொல்தான் மிஞ்சியது: நலம், சாப்பிட்டேன். மகன் தேறிவிட்டான் என்று அப்பா அதை அச்சகம் முழுக்கக் காட்டினார். நான் மட்டும் அந்த மீசை என்ன ஆயிற்றோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் சொல்கிறேன், குட்டி எழுதுவதை எழுதியபடியே உறையில் போட்டு ஒட்டு. அதோடு உன் வேலை முடிந்தது.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருங்கள். குளிரில் காதை மூடிக்கொள்.

உன் அம்மா

பி.கு. ஒட்டுவதற்கு முன் அப்பாவிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவைக் கேட்டார், திருத்தத்தான் என்று நினைத்தேன். ஓரத்தில் அவர் எழுதியிருப்பதைப் பார்: அந்த மீசை என்னடா ஆச்சு?