காந்தமும் கையெழுத்தும்

அன்புள்ள அண்ணா,

வீட்டை விற்க நான் கையெழுத்துப் போடவில்லை என்று, உன் பேரில் இருந்த மின் இணைப்பை நீ துண்டித்து நாற்பது நாள் ஆகிறது. இருட்டில் நாலு நாள் கிடந்தால் வழிக்கு வருவேன் என்று நினைத்திருப்பாய்.

பழைய ஸ்பீக்கர்களை உடைத்துக் காந்தங்களை எடுத்தேன். ரம்பம் பட்டதும் இரண்டு காந்தங்கள் பிஸ்கட் மாதிரி நொறுங்கின. மற்றவற்றைத் தண்ணீர் விட்டு, சாணைக்கல்லில் தேய்த்தே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். செம்புக்கம்பி சுற்றுவது எனக்குப் பெரிதில்லை. மோட்டார் பட்டறையில் பன்னிரண்டு வருடமாக அதுதானே என் பிழைப்பு.

அவற்றை வைத்து மின்சாரம் தரும் காற்றாடி ஒன்று செய்து மொட்டை மாடியில் பொருத்தியபோது பக்கத்து வீட்டுக்காரர், "இதெல்லாம் ஆகுற காரியமாம்மா?" என்று சிரித்தார்.

"ஆகுற வரைக்கும் நின்னு பாருங்க" என்றேன்.

முதலில் பல்ப் எரியவில்லை. ஒரு கம்பிச் சுருளைத் தலைகீழாக இணைத்திருந்தேன். பிரித்து மாற்றினேன். நேற்று மாலை காற்று எழுந்ததும் அம்மாவின் அறையில் வெளிச்சம் வந்தது.

லைன் பழுது என்றுதான் அவளிடம் இதுவரை சொல்லியிருந்தேன். படுத்தபடியே பல்பைப் பார்த்து, "அண்ணன் ஆள் அனுப்பிச்சானா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, அவன்தான் அனுப்பினான்."

அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அந்தப் பொய் அவளுக்காகச் சொன்னது, உனக்காக இல்லை. நீ நேரில் வந்து அவளிடம் அதைப் போட்டு உடைத்தாலும் சரி, என் கையெழுத்து கிடைக்காது.

உன் தங்கை