ஓரம் வெட்டுகிற படம்

என் வீட்டுக்காரிக்கு,

கடல் பொங்கி ஊருக்குள் வந்ததே, அதற்கு மறு சித்திரையில் நுவரெலியாவில் காவல்வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோவிலிருந்து வீரமலை சொல்ல, இங்கே வேலை செய்கிற வினோதா எழுதுவது. நான் சுகம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இங்கே ஒரு வேடிக்கை. நாம் நால்வரும் கொழுந்துக்கூடையோடு, கங்காணி ஆளுக்கொன்றாய்ப் பிரித்த தேயிலை நிரை வரிசைப்படி நின்று எடுத்த படத்தை, உனக்குப் பெரிதாக்கி அனுப்பக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். முதலாளிக்குக் கண் மங்குவதால் திரையின் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு முறையும் படமும் ஊதி, வலது ஓரத்தில் ஓர் ஆள் காணாமல் போகிறார். முதலில் மூக்கன், அடுத்து செவனம்மா. மூக்கன் செத்தது கலவரத்து ஆடியில், செவனம்மா அதற்கு மறு வருஷம். அதே வரிசை.

"ஓரத்த வெட்டுது தாத்தா, அவ்வளவுதான்" என்றாள் வினோதா. தோட்டத்துப் பேர்ப் பதிவில் செத்தவர்களுக்குத்தானே பேர் வெட்டுவார்கள்?

"எழுத்தச் சின்னதாக்குனா எல்லாரும் திரும்பி வந்துருவாங்க."

"செத்தவங்களுமாம்மா?"



நேற்று முதலாளி இன்னும் பெரிதாக்கினார். என்னைக் காணோம். பயப்படாதே, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். மலை யாத்திரை சீசன் முடிவதற்குள் நல்லதண்ணி பஸ்ஸில் என் கம்பளித் தொப்பியைக் கொடுத்துவிடு. இங்கே குளிர் விடமாட்டேன் என்கிறது.

இனி அந்த எழுத்தைத் தொட வேண்டாமென்று முதலாளியின் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறேன். திரையில் மிச்சம் நிற்பது முதல் நிரைக்காரி அம்மாக்கண்ணு, நீ ஒருத்திதான்.