மேடு பார்த்து நிறுத்தச் சொன்னவனுக்கு

இன்று மத்தியானம் கதவு அடித்துக்கொண்ட சத்தத்தில் தூக்கம் கலைந்து எழுந்தேன், மாமா. ஆடிக் காற்று. எங்கள் ஊர் எருத்தேன்பதிக் காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆடியில் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது தலையிலிருந்த தொப்பியைப் பறிகொடுத்துவிட்டு, கடலைக் காட்டுக்குள் அதைத் துரத்திக்கொண்டு ஓடினாயே, எங்கள் வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கதவுக்கு நான் போட்டு வைத்திருக்கும் கட்டையைக் காணவில்லை. வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"எறும்பு மொய்ச்சுக் கெடந்துச்சுங்க. கழுவி வெயில்ல வெச்சிருக்கேன்," என்றாள், ஏதோ அரிவாள்மனையைக் கழுவி வைத்தவள் மாதிரி.

துவைக்கிற கல்லின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள்; அப்படியும் பெட்ரோல் வாசனை போகவில்லை. உள்ளே வரைக்கும் ஊறிவிட்டது போல. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பார்க்கிறவர்களுக்கு அது முக்கோணமாக வெட்டிய ஒரு புளியங்கட்டை. நமக்கு அது கறுப்பியின் ஐந்தாவது சக்கரம். உன் அத்தா காலத்துச் சீமைக் காருக்குக் கறுப்பி என்று பெயர் வைத்தவன் நீதான். பாலக்காட்டு வலியங்காடிச் சந்தையில் உன் கயிற்றுக் கடைக்குப் பின்னால், தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. கடலை மூட்டை ஏற்றிய என் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சாக்கும் கயிறும் வாங்க வந்தவன் நான். கயிற்றை அளந்து போட்டுக்கொண்டே, "மாப்ள, உனக்கு ராத்திரியில கண்ணு நல்லாத் தெரியுமா?" என்று கேட்டாய். தெரியும் என்றேன். அந்த ஒரு வார்த்தையில் மாட்டினேன்.

உனக்கு சோடாபுட்டிக் கண்ணாடி. எதிரே வருகிற விளக்கெல்லாம் உனக்கு ஒரே பந்தாகத் தெரியும். ஆனால் வாய் மட்டும் பதினெட்டு ஊருக்குப் போதும். நான் ஓட்ட வேண்டியது, நீ பேச வேண்டியது. கல்பாத்தியில் வெளியூர்க்காரர்களைத் தங்கவைக்கிற வீட்டுக்காரர் ஒருவர் ஆள் அனுப்பினார். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு, பழைய காரில், ஒரு குடும்பத்துக்கு மட்டும் என்று பாலக்காட்டைச் சுற்றிக் காட்டத் தொடங்கினோம். ஊரில் எல்லாருக்கும் நீ பாய். எனக்கு மட்டும் மாமா.

கறுப்பிக்கு ஒரே ஒரு வியாதி. செல்ஃப் எடுக்காது. கோயமுத்தூர் மெக்கானிக் அக்கக்காகப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதற்குச் சாமான் இனி எங்கேயும் கிடைக்காது என்று கையைத் துடைத்துக்கொண்டான். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம்தான். ஒருமுறை அது திருப்பி அடித்து உன் மணிக்கட்டு பூசணிக்காய் மாதிரி வீங்கியது. அன்றோடு உன் வீட்டம்மா ஜமீலா அந்த ஹேண்டிலை எங்கேயோ ஒளித்துவிட்டாள். மிச்சமிருந்த வழி ஒன்றுதான். வண்டியைச் சரிவில் நிறுத்த வேண்டும். கிளம்பும்போது உருட்டிவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் ஓர் உதறு உதறி உயிர் வந்துவிடும்.

பாலக்காடு தட்டையான ஊர். இதில் சரிவுக்கு எங்கே போவது? நீ ஒரு வாரம் சைக்கிளில் அலைந்து, பெடல் மிதிக்காமல் எங்கெங்கே வண்டி ஓடுகிறதோ அங்கெல்லாம் நம் சுற்றுலாவுக்கு இடம் குறித்தாய். ஊரில் பார்க்க வேண்டியவை எவை என்பதை அந்தச் சைக்கிள்தான் முடிவு செய்தது. கல்பாத்தி ஆற்றுக்கு இறங்கும் பாதையில் சரிவு இருந்தது, அதனால் படித்துறையும் கோயிலும் உண்டு. ஜைனக் கோயில் பக்கத்தில் சுமாரான ஒரு மேடு. ரயில் மேம்பாலம் அருமையான மேடு, அதனால் தண்டவாளத்தையும் சிக்னல் விளக்கையும் காட்டினோம். எல்லாவற்றையும்விட நல்ல சரிவு ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு அருகில்தான் இருந்தது. அந்தத் தொட்டிக்கும் ஒரு சரித்திரம் சொன்னாய் பார், அதைக் கேட்டு மூன்று தலைமுறைக் குடும்பம் ஒன்று அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது.

சென்னைக்காரர் ஒருவர் கேட்டேவிட்டார்: "ஏன் சார், உங்க ஊர்ல எல்லாத்தையும் மேட்டுல நின்னுதான் பாக்கணுமா?"

"ஆமாங்க," என்றாய், முகம் மாறாமல். "கீழ நின்னு பாத்தா எல்லா ஊரும் ஒண்ணுபோலத்தான இருக்கும்."

கட்டை உன் பொறுப்பு. வண்டி நின்றதும் குதித்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பாய். கிளம்பும்போது கட்டையை உருவிக்கொண்டு, வெள்ளை வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி, உருளுகிற காரில் தாவி ஏறுவாய். வந்தவர்கள் கை தட்டுவார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக்கொள்வார்கள்.

கோட்டை மட்டும்தான் நமக்கு வாய்க்கவில்லை. ஊரிலேயே பெரிய சங்கதி அது. ஆனால் வாசலில் தரை கேரம் பலகை மாதிரி. ஒருநாளும் அங்கே எஞ்சினை அணைத்ததில்லை. அகழி ஓரமாக மெல்ல ஊர்ந்தபடியே காட்டிவிட்டுப் போய்விடுவோம். "கோட்டைய ஓட்டத்துல பாத்தாத்தான் அழகு" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாய்.

அப்புறம் அந்தப் பக்கவாதம் வந்தது. வலது கை துவண்டது, கால் இழுத்தது. அவை இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. சொல்வதெல்லாம் உனக்குப் புரிந்தது, கண்ணில் தெரிந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பூ, பழம், நாற்காலி என்று படம் காட்டினாள். மூன்றாம் நாள் நீ அந்த அட்டைகளை இடது கையால் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜமீலாவைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

"வீட்டுல சத்தமே இல்லண்ணே," என்றாள் வாசல் வரைக்கும் வந்து. "நாள் பூரா டிவிய போட்டு வெச்சிருக்கேன். முன்னெல்லாம் கொஞ்ச நேரம் வாய மூட மாட்டீங்களான்னு கேப்பேன். இனிமே பேசுவாரா, மாட்டாரா? அத மட்டும் யாராவது சொன்னாப் போதும்."

யாராலும் சொல்ல முடியவில்லை. பயிற்சிப் பெண் மட்டும், பழகிய இடங்களுக்குக் கூட்டிப் போங்கள், எங்கே அதிகம் பேசுவாரோ அங்கே கூட்டிப் போங்கள் என்றாள். அப்படி ஓர் இடம் கறுப்பியின் முன் இருக்கைதானே.

ஆகவே உனக்கு மட்டும் சுற்றுலா நடத்தினேன். நானே ஓட்டி, நானே இறங்கி முட்டுக் கொடுத்து, நானே பேசவும் வேண்டியிருந்தது. என் பேச்சு என்னவென்று உனக்குத் தெரியும். கடலை விலையைத் தாண்டி எனக்கு நாலு வார்த்தை வராது. ஆனாலும் படித்துறையைக் காட்டிச் சொன்னேன், ஜைனக் கோயிலைக் காட்டிச் சொன்னேன். நீ திருத்துவாய் என்று வேண்டுமென்றே தப்புத் தப்பாகவும் சொன்னேன். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்று, இதில் ஒன்றுமே இல்லை, வெறும் தொட்டி என்றேன். நீ தொட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாய். வாரக்கணக்கில் இப்படித்தான். ஒவ்வொரு இரவும் உன்னை வீட்டில் இறக்கும்போது ஜமீலா என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். அவள் உள்ளே போய் டிவியைப் போடுவாள்.

அந்த இரவு கோட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தோம். சுவரில் மஞ்சள் விளக்கு. மைதானத்தில் ஆட்டம் முடிந்து பையன்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நான் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தேன், பாதியில் விட்டுவிட்டேன். பேசத் தெரிந்தவன் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறான், பேசத் தெரியாதவன் பினாத்திக்கொண்டு வருகிறான். என்ன கொடுமை இது என்று ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஓரமாக நிறுத்தினேன். துண்டை எடுக்கக் கையை நீட்டுமுன், பழக்கதோஷத்தில் கை சாவியைத் திருப்பிவிட்டது. எஞ்சின் அடங்கியது.

"டேய்."

ரோட்டில் யாரோ கூப்பிட்டார்கள் என்று நினைத்து வெளியே பார்த்தேன்.

"மே… மேடு… மேடு பாத்து நிறுத்துடா மூதேவி."

திரும்பினேன். நீ உன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய், அது உன்னுடையதுதானா என்று சந்தேகப்பட்டவன் மாதிரி. பிறகு என்னைப் பார்த்தாய். "எவன்… எவன்டா தள்ளுவான்?" என்றாய். நான் ஸ்டீயரிங் மேல் தலையை வைத்து அழுதேன், மாமா. வெட்கமே இல்லாமல் அழுதேன். நீ அதற்கும் ஒரு திட்டு வைத்திருந்தாய். அதை இங்கே எழுத முடியாது.

ஜமீலாவைக் கூப்பிட்டுப் போனை உன் வாயருகில் பிடித்தேன். "ஜமீலா… இவன்… சமதளத்துல நிறுத்திட்டான்," என்று புகார் சொன்னாய். அந்தப் பக்கம் டிவிச் சத்தம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

"திட்டட்டும் அண்ணே," என்றாள். "தடுக்காதீங்க. நல்லாத் திட்டட்டும்."

மைதானத்துப் பையன்கள் வந்தார்கள். "எந்தா சேட்டா, ஸ்டார்ட் ஆவுந்நில்லே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சிரித்தேன். கார் கிளம்பாததற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். தள்ளினார்கள். கறுப்பி உதறிக்கொண்டு எழுந்தாள். மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ இறக்கிவிட்டது போல் இருந்தது எனக்கு.

மறுநாள் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. பழகிய திட்டு சிலருக்கு முதலில் வரும், மற்றதை மெதுவாகப் பிடித்துவிடலாம் என்றாள். அப்படித்தான் ஆயிற்று. பூவும் பழமும் பின்னாலேயே வந்தன. சில சொற்கள் கடைசி வரைக்கும் உனக்கு வழுக்கின. அதற்குப் பதில் வேறு சொல்லைப் போட்டு ஓட்டினாய். பிறகு சில வருஷம் மறுபடியும் ஆட்களை ஏற்றிக்கொண்டு சுற்றினோமே, அதில்தான் எனக்கு மனசு நிறைந்தது. கோட்டை வாசலில் வேண்டுமென்றே எஞ்சினை அணைக்கச் சொல்வாய். "எறங்குங்க, இது தள்ளுற எடம்," என்பாய். பட்டுச் சேலை கட்டியவர்களும் தள்ளினார்கள். "இங்கதான் எனக்கு வாய் தொறந்துச்சு," என்று ஆரம்பித்து அந்த இரவைச் சொல்வாய். ஒவ்வொரு தடவையும் நீ திட்டிய திட்டு ஒரு முழம் நீண்டது. கடைசியாகச் சொன்னபோது அது ஒரு சொற்பொழிவாகவே ஆகிவிட்டது.

நீ எங்களை விட்டுப் போன இரவு, தூங்கப் போகும் வரைக்கும் பேசிக்கொண்டுதான் இருந்தாயாம். ஜமீலா சொன்னாள். வாயை மூடுங்கள் என்று அவள் சொல்லவில்லையாம்.

அதன் பிறகு எனக்குக் கோட்டைப் பக்கம் போகவே பயம். அந்த நிசப்தம் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். போன மாதம் ஜமீலாதான் கூப்பிட்டாள். "ஊருக்கெல்லாம் காட்டினார், எனக்கு ஒரு நாள் காட்டல. ஒரு தடவ கூட்டிட்டுப் போங்கண்ணே," என்றாள். மறுக்க முடியவில்லை. உன் இடத்தில், முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். மேம்பாலத்தில் நின்றாள். தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்து, "இதுக்கா இத்தன கதை," என்று தலையில் அடித்துக்கொண்டாள். கோட்டை வந்தது. நான் ஊர்ந்துகொண்டே போய்விடலாம் என்று பார்த்தேன்.

"நிறுத்துங்கண்ணே," என்றாள். நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன்.

இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். எதற்குக் காத்திருந்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். காற்று அகழிப் பக்கமிருந்து வந்தது. நான் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை, மாமா. அன்றைய மௌனத்தில் நீ உள்ளே அடைபட்டுக் கிடந்தாய். இதில் நீ இல்லை, அவ்வளவுதான். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தானே போனாய்.

கொஞ்ச நேரம் கழித்து ஜமீலா முந்தானையைத் தலைக்கு மேல் சரிசெய்துகொண்டாள்.

"மேடு பாத்து நிறுத்தியிருக்கலாமேண்ணே," என்றாள், மரியாதையாக.

அப்போது சிரிக்க ஆரம்பித்தோம். தள்ள ஆள் வந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அவளும் இறங்கி ஒரு கை கொடுத்தாள். வீட்டில் இறக்கிவிட்டபோது கட்டையை எடுத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் கையில் கொடுத்துவிட்டாள். கறுப்பிக்கு வேறொன்று செய்துகொள்ளலாமாம்.

என் மகன் வாங்கியிருக்கும் காரில் பொத்தானைத் தொட்டால் போதும், எஞ்சின் ஓடும். ஆனாலும் எந்த ஊருக்குப் போனாலும் நான் சரிவு தேடித்தான் நிறுத்துகிறேன். மருமகள் கேலி செய்கிறாள். செய்யட்டும். என்றைக்காவது மறந்து சமதளத்தில் நிறுத்திவிட்டால், இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். காதில் அந்தத் திட்டு விழுந்த பிறகுதான் கதவைத் திறக்கிறேன்.