அவன் பாடாமல் விட்ட வரி

சாங்ஷா
மே மாதம், விடாத மழை

அன்பு மகள் மின்யுவேக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைக் கையில் எடுத்தேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் வலிகூட இந்த மழையில் எட்டிப் பார்க்கவில்லை, என் உடம்பைத் தவிர இந்த வீட்டில் எதுவும் நன்றாக இல்லை. ஃபோன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ஃபோனில் பேசுவதை நீயும் நானும் மட்டுமா கேட்கிறோம். கீழ்வீட்டுப் பெங் அக்கா தன் மகளின் பிரசவத்துக்காக மெல்போர்ன் வருகிறாள், அவளிடம் உனக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்திருக்கிறேன், அதில் ஒன்றுக்குள் இதை வைத்துத் தைத்து அனுப்புகிறேன். மிளகாய் ஊறுகாயும் ஒரு பாட்டில் கொடுத்தேன், அங்கே விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு. மாப்பிள்ளையிடம்கூடக் காட்ட வேண்டாம்.

தம்பி ஷோஹாங் வீட்டோடு கிடக்கிறான். அவன் பாட்டு ஒன்றுகூட இப்போது எங்கேயும் இல்லை. ஃபோனில் அவன் பெயரைத் தட்டினால் அதே பெயருள்ள ஒரு பல் டாக்டர் வருகிறார். அந்தச் சீரியலுக்கு அவன் பாடிய முகப்புப் பாட்டு இருந்ததே, அந்த இடத்தில் இப்போது யாரோ புல்லாங்குழல் ஊதுகிறார்கள். பாலத்தடி நூடுல்ஸ் கடையில் அவன் கையெழுத்துப் போட்ட படம் மாட்டியிருந்த இடத்தில் பூனைப் படம் போட்ட காலண்டர் தொங்குகிறது, கடைக்காரர் என் கிண்ணத்தில் ஒரு முட்டையைக் கூடுதலாகப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சதுக்கத்தில் நடனமாடும் எங்கள் குழுவின் தலைவி என்னைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னாள், அங்கே தரை சமமாக இருக்கிறதாம், என் முட்டிக்கு நல்லதாம். என் முட்டிமேல் அவளுக்கு இவ்வளவு அக்கறை இருந்தது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று. இதெல்லாம் போகட்டும், ஊர் எப்போதும் இப்படித்தான். ஆனால் உன் தம்பி சாப்பிடுவதில்லை மின்யுவே. கிடாரை உறைக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான், பால்கனியில் போய் நின்று கீழே பார்த்துக்கொண்டே இருக்கிறான். பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். துணி காயவில்லையே என்று கேட்கிறான், மழை என்று சொல்லிச் சமாளிக்கிறேன், மழை நின்றுவிட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

உனக்குப் பாதிக் கதைதான் தெரியும், அதனால் முழுவதையும் எழுதுகிறேன். அவன் முதன்முதலில் டிவியில் வந்தபோது ஆண்பிள்ளை கம்மல் போடக் கூடாது என்று அவன் காதை மட்டும் மசமசவென்று மறைத்துக் காட்டினார்களே, பெங் அக்கா ஏதோ தோல் வியாதி என்று நினைத்துக் களிம்பு வாங்கிக்கொண்டு வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா. நாம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உன் அப்பா மட்டும் சிரிக்காமல், இன்னைக்குக் காத மறைச்சவன் நாளைக்கு வாய மறைக்க மாட்டானா என்றார். பஸ் ஓட்டிய மனுஷன், எதிரே வருவது அவர் கண்ணுக்கு முதலில் தெரியும். அந்தக் குளிர்காலத்தில் ஊரே தொற்றில் விழுந்து அவரும் போனபோது விமானம் கிடைக்காமல் நீ அங்கேயே அழுது தீர்த்தாய். இருதய நோய் என்று சான்றிதழ் கொடுத்தார்கள், அவருக்கு இருதயத்தில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. அதைத்தான் தம்பி பாட்டாக எழுதினான். சின்னச் சின்ன மதுக்கடைகளில் அவன் அதைப் பாடி, கேட்டவர்கள் பதிவு செய்து அனுப்பி, அழிக்கிறவர்கள் அழிப்பதற்குள் பாதி ஊருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

பெரிய அரங்கத்தில் பாட வேண்டும் என்றால் பாட்டு வரிகளையெல்லாம் முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், பாட்டுக்கு நடுவில் என்ன பேசப் போகிறான் என்பதைக்கூட எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தான். அந்தக் குளிர்காலம் தெருவெல்லாம் வெள்ளைப் பூ, செய்தியில் மட்டும் ஒருவரும் சாகவில்லை என்ற வரியை மட்டும் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். பாட்டுக் கம்பெனி மேலாளர் லுவோ வேறு வரி எழுது என்று நச்சரித்தான், பனி பற்றி எழுது, பிளம் பூ பற்றி எழுது என்றான். தம்பிக்கு வரவில்லை. அந்த இடத்தில் வாய் திறக்க மாட்டேன், கிடார் மட்டும் வாசிக்கிறேன் என்றான், காலியாக விட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். சொன்னபடிதான் செய்தான். அந்த வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டு நின்றான். அப்போது அரங்கமே அந்த வரியைப் பாடியது. அதற்குப் பிறகு விளக்கை அணைத்ததும் வாசலில் எல்லோருடைய ஃபோனையும் வாங்கி அழிக்க வைத்ததும் உனக்குத் தெரியும். பக்கவாட்டில் நின்றிருந்த உன் சிநேகிதி எப்படியோ தப்பித்துப் போய், தான் எடுத்த வீடியோவை உனக்கு அனுப்பினாள், நீ அதை வெளிநாட்டுத் தளத்தில் போட்டாய்.

விசாரணைக்குக் கூப்பிட்ட அதிகாரி கத்தவில்லையாம், டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினாராம். நீ பாடியிருந்தா ஒரு ஆள் பாடினதாப் போயிருக்கும், நீ சும்மா நின்னு ஊரையே பாட வெச்சிருக்க, அப்படின்னா இது ஏற்பாடுதானே என்றாராம். அவர்கள் கையில் இருப்பது மேல்மாடியில் இருந்து எடுத்த படம். அதில் இவன் கையைத் தூக்குவது மட்டும் தெரிகிறது, பாடுங்கள் என்று கூட்டத்துக்குச் சைகை காட்டினான் என்கிறார்கள். முதலில் ஆரம்பித்த ஆள் யார், எவ்வளவு கொடுத்து உட்கார வைத்தாய் என்று கேட்டபோது யாரும் இல்லை, நானேதான் திட்டம் போட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். திட்டம் போட்டவன் என்று முடிவாகிவிட்டால் இனி ஆயுசுக்கும் மேடை கிடையாது, மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டாலும் கிடையாது, அதற்கு மேலும் போகலாம் என்று லுவோ சொல்கிறான். மேலே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் இல்லை.

முதலில் ஆரம்பித்தது நான்தான் மின்யுவே. மூன்றாவது வரிசையில், நீ வாங்கிக் கொடுத்த பழுப்பு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தேன், அவன் வாயை மூடியதும் எழுந்து நின்று பாடினேன். எனக்குப் பின்னால்தான் எல்லோரும் பாடினார்கள். அவன் தூக்கிய கை எனக்கு, அம்மா வேண்டாம், உட்கார் என்று காட்டிய கை. வீட்டுக்கு வந்ததும் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீ அங்க வரவே இல்ல. வீட்ல டிவி பாத்துட்டு இருந்த. யாரு கேட்டாலும் இதான், புரியுதா" என்றான். என் ஓய்வூதியம் போய்விடும், அப்பாவின் பஸ் கம்பெனி கொடுத்த இந்த வீடு போய்விடும் என்று அவனுக்குப் பயம். உன்னிடம் ஃபோனில் அந்த வீடியோவை அழித்துவிடு என்று கெஞ்சினானே, அது இதனால்தான், அதில் நான் இருக்கிறேன். நீ பாட்டை மட்டும் கேட்டிருப்பாய், இருட்டில் யார் முதலில் எழுந்தது என்று பார்த்திருக்க மாட்டாய். காரணத்தை ஃபோனில் அவனால் சொல்ல முடியவில்லை. நீ அவனை, நீயும் பயந்தாங்கொள்ளி ஆயிட்டியாடா என்று கேட்டாய். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் மகளே. அன்றிலிருந்துதான் அவன் சாப்பாட்டைத் தொடுவதில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அப்பாவுக்காகத்தான் நீ போட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நான் கேட்பதை மறுக்காமல் செய். அதை அந்தத் தளத்தில் இருந்து இன்றைக்கே எடுத்துவிடு, அது அங்கே இருக்கும்வரை வெளிநாட்டாரோடு சேர்ந்து செய்த சதி என்பார்கள், நான் என்ன சொன்னாலும் இங்கே எடுபடாது. ஆனால் அழித்துவிடாதே. பென் டிரைவில் ஏற்றி, பெங் அக்கா மூன்று வாரத்தில் திரும்பி வரும்போது குழந்தைத் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொடுத்து அனுப்பு. அடுத்த மாதம் டிராகன் படகுத் திருவிழா முடிந்த பிறகு தம்பியை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், அவனுக்கு முன்னால் நான் போய்விடுவேன். முதலில் கேட்பது யார் குரல், அவன் கை எப்போது எழுந்தது, யாரைப் பார்த்து எழுந்தது என்று அவர்களே பார்க்கட்டும். பையன் வரியை மறந்துவிட்டான் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன் ஐயா, சின்ன வயசிலும் பள்ளி விழாக்களில் மறந்து முழிப்பான், வாசலில் நின்று நான்தான் எடுத்துக் கொடுப்பேன் என்று சொல்லப் போகிறேன். அது பொய்யும் இல்லை, நீயே பார்த்திருக்கிறாய். புத்தி கெட்ட கிழவி என்று திட்டி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டால் சரி. விடாவிட்டால் நீ வராதே, என்ன ஆனாலும் வராதே, தம்பியை மட்டும் அடிக்கடி கூப்பிட்டுப் பேசு, பாட்டைப் பற்றிப் பேசாதே, சாப்பிட்டானா என்று மட்டும் கேள்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், வெறுங்காலோடு தரையில் நடக்காதே. ராத்திரி வேலைக்குப் போனால் சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் போ. மாப்பிள்ளையோடு வீண் சண்டை வேண்டாம். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், என் ஆசி எப்போதும் உங்களோடு இருக்கும். பென் டிரைவை மறந்துவிடாதே.

உன் அம்மா,
சியாங் குய்லான்

கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். அங்கே போய் நான் சொல்லப் போவது அவர்களுக்கு. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க அடுத்த அறையில் அவன் அந்த வரியை முணுமுணுத்து முணுமுணுத்துத்தான் எழுதினான், நான் இந்தப் பக்கம் அவன் சட்டைகளைத் துவைத்துக்கொண்டே கேட்டேன். ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான் என்று அரங்கத்தில் மற்ற எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவு பெரிய இடத்தில் உன் அப்பா இருக்க வேண்டிய வரியில் வெறும் கிடார் மட்டும் கேட்டது, என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுந்துவிட்டேன். பையன் மறந்துவிட்டதாக ஒரு கிழவி நினைத்துக்கொண்டாள் என்று அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். அவனும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.