எந்தக் கம்ப்யூட்டரை எடுப்பது

புரட்டாசி, வியாழக்கிழமை.

லாரிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் என் கடையில் ஆள் நான் ஒருத்திதான். பழைய கம்ப்யூட்டர் திங்களன்று ஒரேயடியாக நின்றுபோனது. வேறு வாங்க இன்று சேலம் போனேன்.

கடைக்காரர் என் கட்டிங் மெஷினின் கேபிளை வாங்கிப் பார்த்தார். "புதுசுல இதைச் சொருக இடமே இல்லீங்கக்கா. நடுவுல மாட்டற ஒயர் ஒண்ணு இருக்குது. உங்க மெஷினுக்கு ஒத்துவருமான்னு சொல்ல முடியாது."

"அப்ப இங்க விக்கற பழசு?"

"பழசுல கேபிள் சேருமுங்க. எத்தனை நாளைக்கு ஓடும்னுதான் தெரியாது."

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "உனக்குத் தெரியாததா? நீயே பாத்து எடுத்துட்டு வா சாமி" என்று வைத்துவிட்டார். தெரிந்தால் ஏன் கேட்கப்போகிறேன்? இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு வெறுங்கையோடு நாமக்கல் பஸ் ஏறினேன்.

என் கடை வாசலில் ஒரு லாரி டிரைவர் காத்திருந்தார். முன்கண்ணாடியில் மகள் பெயரை ஒட்டிக்கொண்டு உடனே நாக்பூர் கிளம்ப வேண்டுமாம். மெஷின் ஓடாது என்று சொல்ல வாய் வரவில்லை. பிளேடை எடுத்துக் கையாலேயே வெட்டினேன். யாழினி. அதில் 'ழி' கோணிக்கொண்டது.

அவர் தள்ளி நின்று பார்த்தார். கோணல் அவர் கண்ணிலும் பட்டது. "நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நாளைக்கு இன்னும் இரண்டு வண்டி வருகிறது. எதை வாங்குவதென்று இப்போதும் தெரியவில்லை.

இந்நேரம் அந்த டிரைவர் தொப்பூர் தாண்டியிருப்பார். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் அந்த 'ழி'யைப் பார்ப்பார்கள்.